ராத்திரி ஒரு மணிக்கு ஃப்ளைட்டு... யாரு கூட்டிட்டு வர்றது?

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு சீஃப் கெஸ்ட் ஓகே சொல்லியாச்சு. பேனர் அடிச்சாச்சு. சால்வை வாங்கியாச்சு. தி.நகர்ல ஹோட்டல் ரூம்கூட போட்டாச்சு. அப்புறம்தான் ஹெச்.ஓ.டி. கண்ணாடியை மெதுவா கழட்டிட்டு ஒரு கேள்வி கேட்பார்... 'அவரை ஏர்போர்ட்ல இருந்து யாருப்பா அழைச்சுட்டு வர்றது?' மொத்த கமிட்டியும் ஒரே பக்கமாத் திரும்பிப் பார்க்கும். யாரை? உங்களைத்தான் பாஸ்!

சிம்போசியம் எல்லாம் இல்லையா? கவலை வேண்டாம், சிங்கப்பூர் அத்தை இருக்காங்க. மார்கழி சீஸனுக்கு மயிலாப்பூர்ல ரூம் போட்டுட்டு அமெரிக்காவுல இருந்து கிளம்பி வர்ற மாமா-மாமி இருக்காங்க. அடையாறுல ஆஸ்பத்திரிக்கு வர்ற அப்பாவோட ஃப்ரெண்ட் இருக்கார். ஊரில் இருந்து அப்பா போன் போட்டு, 'நீதான் மெட்ராஸ்ல படிக்கிறியே, ஒரு காரைச் சொல்லி வெச்சிடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவருக்கு அது ஒரு வரி. நமக்குத்தான் அது ஒரு செமஸ்டர் பேப்பர்!

'இதுல என்னடா இருக்கு, போனைத் தட்டினா கார் வந்து நிக்கப் போகுது' என்று ஹாஸ்டல் ரூமில் யாராவது சொல்வான். பகல் பதினொரு மணிக்கு, முதுகில் ஒரு பையோடு வருகிற உங்க கஸினுக்கு அது சரிதான். மீனம்பாக்கத்தில் இருந்து தி.நகரோ, மயிலாப்பூரோ, அடையாறோ... எல்லாமே பன்னிரண்டில் இருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனா, நம்ம ஏர்போர்ட்டில் வெளிநாட்டு விமானங்கள் நிறைய வந்து இறங்குவது ஊர் தூங்குகிற நேரத்தில். அந்த நேரத்தில் அறுபத்தைந்து வயசு அத்தை, இரண்டு பெரிய சூட்கேஸ், இந்தியாவில் பேசுமா பேசாதா என்றே தெரியாத ஒரு வெளிநாட்டு சிம்... இந்த காம்பினேஷனை நினைத்துப் பாருங்க. அங்கே 'உங்க டிரைவர் ரைடை கேன்சல் செய்துவிட்டார்' என்று ஒரு மெசேஜ் வந்தால் எப்படி இருக்கும்?

அதனால்தான் முன்கூட்டியே தனி கார் சொல்லி வைப்பது என்று ஒரு வழக்கம் இருக்கு. டிராவல்ஸ்காரர்கள் பாஷையில் 'ஏர்போர்ட் பிக்கப்'. அதில் நீங்க காசு கொடுத்து வாங்குவது பதினஞ்சு கிலோமீட்டர் பயணத்தைக் கிடையாது மக்களே... ஒருத்தர் உங்க ஆளுக்காகக் காத்திருப்பதை. இது மண்டையில் ஏறிவிட்டால், யார்கிட்ட புக் பண்றது, என்ன கேட்கிறது, எதுக்குக் காசு கொடுக்கிறது எல்லாம் தானா புரிஞ்சிடும்.

காரே வேண்டாம் சாமி!

முதல் கேள்வி, கார் தேவையா? வருகிறவர் உங்க வயசு, பகல் நேரம், கையில் ஒரே ஒரு பை என்றால் நேரா எதிர்ப்பக்கம் திரிசூலம் ஸ்டேஷனுக்கு அனுப்புங்க. ஏர்போர்ட்டுக்கு எதிரிலேயே இப்படி ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஸ்டேஷன் இருப்பது வெளியூர்க்காரர்கள் பல பேருக்குத் தெரியாது. அங்கே ஏறினா மாம்பலம். டிக்கெட் விலை ஒரு டீ காசுகூட ஆகாது. முன்னெல்லாம் மாம்பலத்தில் இறங்கினால் பெட்டியோடு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தணும். 2023 மே மாசம் மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாலம் திறந்த பிறகு, தலைக்கு மேலேயே நடந்து வந்துவிடலாம். கீழே பட்டுப்புடவைக் கூட்டம் பொங்குவதை பால்கனி சீட்டில் இருந்து பார்ப்பது தனி சுகம்!

மெட்ரோவும் இருக்கு. 2016 செப்டம்பரில் சின்னமலை-விமான நிலையம் பாதை திறந்தாங்க. 2019 பிப்ரவரியில் அது அண்ணா சாலைக்கு அடியில் முழுசா நீண்டு சென்ட்ரல் வரைக்கும், அதைத் தாண்டி வண்ணாரப்பேட்டைக்கும் போயிடுச்சு. 2021-ல் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயில் இருந்து 50 ரூபாயாகக் குறைச்சாங்க. தி.நகருக்கு நந்தனத்தில் இறங்கணும். அடையாறுக்கு சின்னமலை, மயிலாப்பூருக்கு தேனாம்பேட்டை. அங்கிருந்து ஒரு ஆட்டோ. இரண்டாம் கட்டத் திட்டத்தில் பனகல் பார்க், திருமயிலை, அடையாறுக்கே ஸ்டேஷன்கள் இருக்கு. ஆனா, ஏர்போர்ட்டைத் தொடுவது இந்த முதல் கட்டப் பாதைதான் என்பதால் நடுவில் மாறித்தான் ஆகணும்.

மெட்ரோவுக்கு ஒரே ஒரு குறை. காலை 5 மணிக்கு எழுந்து ராத்திரி 11 மணிக்குத் தூங்கப் போகிற நல்ல பிள்ளை அது. உங்க அத்தையின் ஃப்ளைட் அப்படிப்பட்ட நல்ல பிள்ளை இல்லையே!

சரி, ராத்திரிக்கு என்ன வழி?

வெளியே வருகிற வழியிலேயே ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டர். இடத்தைச் சொல்லி, காசைக் கட்டி, ரசீது வாங்கி, வண்டியில் ஏறணும். பேரம் கிடையாது. தனியா வருகிறவர்களுக்கு, அதிலும் ஸ்மார்ட்போனோடு மல்லுக்கட்ட விரும்பாத ஆட்களுக்கு இது நல்ல வழி என்பது என் கட்சி. நள்ளிரவில் நாலஞ்சு ஃப்ளைட் ஒண்ணா வந்து இறங்கினால் க்யூ நீளும், அவ்வளவுதான்.

அடுத்து ஆப் டாக்ஸி. இதில் ஒரு விஷயத்தை வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிடணும். 2022 டிசம்பரில் ஏர்போர்ட்டில் பல அடுக்கு கார் பார்க்கிங் திறந்தாங்க. சினிமா தியேட்டர்கூட இருக்கிற பிரமாண்ட கட்டடம். ஆப்-ல புக் பண்ற வண்டிகள் ஏறும் இடத்தை அதற்கப்புறம் அங்கே கொண்டு போயிட்டாங்க. அதாவது, அரைவல் வாசலில் நின்று 'கார் எங்கே, கார் எங்கே' என்று தேடினால் வராது. ட்ராலியைத் தள்ளிக்கொண்டு பார்க்கிங் கட்டடம் வரை போகணும். நமக்கு அது ஒரு நடை. மூட்டு வலி மாமிக்கு அது பாத யாத்திரை! கூடவே, மழை நாளிலும் நெரிசல் நேரத்திலும் ஆப் கட்டணம் ஏறும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கிக்கொள்ள இடம் தருது. முன்னாடி அது ஒன்றரை மடங்கா இருந்தது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய விதி அது.

மூணாவதுதான் நம்ம கதாநாயகன்... முன்கூட்டியே சொல்லி வைக்கிற தனி கார். ஹோட்டலே அனுப்பும். அல்லது டிராவல்ஸ் ஆபீஸில் சொல்லணும். ஹோட்டல் கார் என்றால் பில் கொஞ்சம் கனமாத்தான் இருக்கும். ஆனா, ரூமும் காரும் ஒரே ஆள் பொறுப்பு. கெஸ்ட் வந்து சேரலைன்னா ரிசப்ஷனே பதறும். டிராவல்ஸில் சொன்னால் காசு குறையும், அந்தப் பதற்றம் மட்டும் உங்க கணக்கு! இரண்டிலும் டிரைவர் அரைவல் வாசல் கம்பி ஓரத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார். பதினாறு மணி நேரம் பறந்து வந்த ஒருத்தருக்கு, அந்தக் கூட்டத்தில் தன் பெயரைப் பார்ப்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவில் சும்மா அங்கே போய் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வெளியே வருகிற முகங்கள் எல்லாம் முதலில் தேடுவது அட்டைகளைத்தான்.

அட்டைன்னதும் ஞாபகம் வருது. பெயரை எப்படி எழுதணும் என்று டிரைவருக்குச் சொல்லுங்க. நம்ம ஊர் இனிஷியல் பழக்கம் பாஸ்போர்ட்டில் போய் என்னென்னவோ ஆகியிருக்கும். வீட்டில் 'ரவி மாமா' என்று கூப்பிடுகிறவர் பாஸ்போர்ட்டில் வேற ஏதோ நீளமான பெயரில் இருப்பார். 'ரவி' என்று அட்டை பிடித்தால் ஒரே ஃப்ளைட்டில் இருந்து மூணு பேர் வந்து நிற்பாங்க. வருகிறவர் எந்தப் பெயரைத் தேடுவாரோ அதைப் பெரிய எழுத்தில், கூடவே எந்த ஊரில் இருந்து வருகிறார் என்று கீழே.

ப்ரைமரி கீ எது மச்சி?

இப்போ முக்கியமான சேப்டர். புக் பண்ணும்போது எல்லோரும் சொல்வது நேரத்தை. 'நைட்டு பன்னண்டரைக்கு வந்துடுங்கண்ணா.' நேரத்தை நம்பாதீங்க. ஃப்ளைட் நம்பரைச் சொல்லுங்க! டேட்டாபேஸ் படிச்சவங்களுக்குப் புரியும்... நேரம் என்பது மாறிக்கொண்டே இருக்கிற ஃபீல்டு, ஃப்ளைட் நம்பரும் தேதியும் சேர்ந்ததுதான் ப்ரைமரி கீ. நம்பர் கையில் இருந்தால் விமானம் எங்கே பறக்குது, எவ்வளவு லேட் என்று டிரைவரே போனில் பார்த்துக்கொள்வார். ஒரு மணி நேரம் தாமதம் என்றால் ஒரு மணி நேரம் கூடுதலா தூங்குவார். நேரத்தை மட்டும் சொன்னால், அவர் பன்னண்டரைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிட்டிங் மீட்டர் உங்க தலையில் ஓடும்.

தேதியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கு. 'சனிக்கிழமை 00.30' என்று டிக்கெட்டில் இருந்தால் என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்ச கையோட கிளம்பணும் என்று அர்த்தம். 'சனிக்கிழமை நைட்டு' என்று டிராவல்ஸில் சொல்லிவிட்டால் கார் சரியா இருபத்து நாலு மணி நேரம் லேட்டா வந்து நிற்கும்! எந்த டிராவல்ஸ் ஆபீஸில் கேட்டாலும் இந்தக் கூத்து அடிக்கடி நடப்பதாகச் சொல்றாங்க. தேதியோடு 'வெள்ளி முடிஞ்சு சனி பிறக்கிற ராத்திரி' என்று வாயால் சொல்லி, எழுத்திலும் அனுப்பிடுங்க. கேட்க பஞ்சாங்கம் மாதிரி இருக்கும். பரவாயில்லை.

இதே பள்ளம் ஹோட்டல் புக்கிங்கிலும் இருக்கு. சனிக்கிழமை விடியற்காலை ஒரு மணிக்கு வந்து சேருகிறவருக்கு சனிக்கிழமை ரூம் போட்டால், பல ஹோட்டல்களில் மத்தியானம்தான் சாவி தருவாங்க. அதுவரை ரிசப்ஷன் சோபாதான் ரூம். வெள்ளிக்கிழமையில் இருந்தே போடணும். சில லாட்ஜ்களில் '24 மணி நேர செக்-அவுட்' என்று போர்டு இருக்கும். அங்கே எந்த நேரத்தில் நுழைந்தாலும் கணக்கு அப்போதான் ஆரம்பிக்கும். ராத்திரி வருகிறவர்களுக்கு அதுதான் லாபம். ஆனா, எந்த நேரத்துக்கு வருவாங்கன்னு முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லணும். இல்லைன்னா, கேட்டைத் தட்டி வாட்ச்மேனை எழுப்புகிற வேலை டிரைவருக்கு.

அடுத்தது டெர்மினல். 2023 ஏப்ரலில் புது ஒருங்கிணைந்த டெர்மினல் திறந்தாங்க. வெளிநாட்டு விமானங்கள் அங்கே, அதாவது டி-2. பழைய சர்வதேச டெர்மினல் அதே வருஷம் நவம்பரில் டி-4 என்ற பெயரில் உள்நாட்டு விமானங்களுக்கு மாறிடுச்சு. உள்நாட்டுக்கு ஏற்கெனவே டி-1 இருக்கு. ஆக, 'டொமஸ்டிக்' என்று சொன்னால் போதாது, ஒண்ணா நாலா என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லணும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர் விமானம் தரை தொட்டதும் வெளியே வந்துவிட மாட்டார். இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் என்று வெச்சுக்குங்க. 'இறங்கின நேரத்தில் இருந்து எவ்வளவு நேரம் வெயிட்டிங் ஃப்ரீ?' என்று புக் பண்ணும்போதே கேட்டுடுங்க. கார் கிளம்பின நேரத்தில் இருந்து கணக்கா, விமானம் இறங்கின நேரத்தில் இருந்தா? ரெண்டுக்கும் நடுவில் நூறு, இருநூறு ரூபாய் வித்தியாசம் ஒளிஞ்சிருக்கும்.

அப்புறம் டிக்கி. இது யாருமே யோசிக்காத விஷயம். டாக்ஸியா ஓடுகிற சின்ன கார்கள் பலதில் டிக்கியின் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் பிடித்திருக்கும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் சூட்கேஸ் ஒவ்வொண்ணும் ஒரு குட்டி பீரோ. ஆள் ரெண்டு பேர்தானே என்று சின்ன கார் சொல்லிவிட்டால், ஒரு பீரோ டிக்கியில், இன்னொண்ணு மாமாவின் மடியில்! ஆளை எண்ணாமல் பெட்டியை எண்ணுங்க. நாலு பெட்டி என்றால் இன்னோவா, எர்டிகா மாதிரி பெரிய வண்டி. இல்லைன்னா மேலே கேரியர் இருக்கிற வண்டியா கேளுங்க.

அடையாறு எங்கே இருக்கு?

கேள்வி காமெடியா இருக்கா? டி.டி.கே. சாலையில், ஆழ்வார்பேட்டை பக்கம் ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டல் இருந்தது. பல கை மாறி, பல பெயர் மாறி, கடைசியில் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அதை ஊரே 'அடையார் கேட்' என்றுதான் சொல்லும், கடைசிப் பெயரிலும் 'அடையார் பார்க்' ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனா, அது இருந்தது அடையாற்றுக்கு இந்தப் பக்கம்! பெயரை நம்பி சர்தார் படேல் ரோட்டில் திரும்பின டாக்ஸிகள் எத்தனையோ.

தி.நகர் இன்னும் மோசம். 'ரெசிடென்சி' ஜி.என்.செட்டி ரோட்டில். 'ரெசிடென்சி டவர்ஸ்' தியாகராய சாலையில். ரெண்டும் தி.நகர்தான், ரெண்டும் ஒரே குடும்பம்தான். டிரைவரிடம் 'ரெசிடென்சிண்ணா' என்று மட்டும் சொன்னால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லாபியில் போய் நின்று 'உங்க பேர்ல புக்கிங் இல்லையே சார்' என்று கேட்க நேரும். அடையாறுக்குள் போனால் காந்தி நகரில் ஒரு முதல் மெயின் ரோடு, கஸ்தூரிபா நகரில் ஒண்ணு, இந்திரா நகரில் ஒண்ணு. எந்த நகர் என்று சொல்லாமல் 'ஃபர்ஸ்ட் மெயின் ரோடு' என்றால் விடியும்போதுதான் வீடு கிடைக்கும். ஹோட்டலின் முழுப் பெயர், ரோடு, பக்கத்தில் ஒரு கோயிலோ தியேட்டரோ சிக்னலோ... இதெல்லாம் சேர்த்துச் சொல்லணும். மேப் லொகேஷனும் அனுப்புங்க. ஆனா, அதை அனுப்பியதோடு கடமை முடிஞ்சதுன்னு தூங்கப் போயிடாதீங்க.

மயிலாப்பூரில் இடம் குழப்பாது, நாள்தான் குழப்பும். பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்று கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் கார் நுழைவதை மறந்துடுங்க. நாயன்மார்களே பல்லக்கில்தான் போறாங்க, உங்க கெஸ்ட் மட்டும் இன்னோவாவில் போவாரா? தீபாவளிக்கு முந்தின வாரங்களில் தி.நகரும் அப்படித்தான். பகலில் வருகிறவருக்கு பாண்டி பஜார் ஓரத்தில் ரூம் போட்டால், கத்திப்பாராவில் இருந்து நந்தனம் வரை ஆகிற நேரம் கடைசி ஒரு கிலோமீட்டருக்கே ஆகும்.

காசு விஷயத்துக்கு வருவோம்!

டிராவல்ஸில் 'ஏர்போர்ட் பிக்கப் எவ்வளவுண்ணா?' என்று கேட்டால் ஒரு தொகை சொல்வாங்க. அதோடு போனை வெச்சுடாதீங்க. அதில் பார்க்கிங் உண்டா? நைட் பேட்டா உண்டா? வெயிட்டிங்? ஜி.எஸ்.டி.? சில இடங்களில் தனி பிக்கப் ரேட்டே கிடையாது, நாலு மணி நேரம்-நாற்பது கிலோமீட்டர் பேக்கேஜ்தான். அதில் 'ஷெட் டு ஷெட்' என்று ஒரு வார்த்தை வரும். வண்டி அவங்க ஷெட்டில் இருந்து கிளம்பும் நிமிஷத்தில் இருந்து திரும்பிப் போய் நிற்கும் வரை கணக்கு. அத்தை காரில் இருந்தது முக்கால் மணி நேரம், பில் நாலு மணி நேரத்துக்கு. இது ஏமாத்து வேலை எல்லாம் இல்லை. வண்டி காலியா வந்து காலியா போகிற தூரத்துக்கும் டீசல் ஊத்தணும் இல்லையா? முதலிலேயே தெரிஞ்சா சண்டை வராது, அவ்வளவுதான். பேசி முடித்த தொகையை, 'பார்க்கிங், பேட்டா எல்லாம் சேர்த்து' என்ற வார்த்தையோடு, மெசேஜில் வாங்கி வெச்சுக்குங்க. காலேஜ் காசு என்றால் பில் கேட்டு வாங்குங்க. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் மெசேஜை எல்லாம் ஏத்துக்காது.

யார் காசு கொடுக்கிறது என்பதையும் தீர்மானிச்சிடுங்க. வெளிநாட்டில் இருந்து இறங்குகிறவர் கையில் நம்ம ரூபாய் இருக்காது. இருந்தாலும் ஐந்நூறு ரூபாய்த் தாளா இருக்கும், டிரைவரிடம் சில்லறை இருக்காது. நீங்களே முன்கூட்டி அனுப்பிட்டீங்கன்னா, 'காசு கொடுத்தாச்சு, நீங்க எதுவும் தர வேண்டாம்' என்று கெஸ்ட்டுக்கும் சொல்லிடணும். இல்லைன்னா பாசத்தில் ரெண்டு தடவை கொடுத்துட்டுப் போயிடுவாங்க.

மஞ்சளா, வெள்ளையா?

உங்க கிளாஸ்மேட் ஒரு பொண்ணு, பெங்களூரு இன்டர்ன்ஷிப் முடித்து ராத்திரி பதினொண்ணரைக்குத் தனியா வந்து இறங்குறாங்க என்று வெச்சுக்குங்க. இங்கே காசைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு... நம்பர் ப்ளேட்! வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. சொந்த வண்டிக்கு வெள்ளை போர்டு. எலெக்ட்ரிக் டாக்ஸி என்றால் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. 'நம்ம பையன்தான், ரேட் கம்மி' என்று சொல்லி வெள்ளை போர்டு வண்டியை அனுப்பினால் வேண்டாம்னு சொல்லிடுங்க. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸ், வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது நடக்கிற விபத்துக்குக் கை கொடுக்காது. முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அவ்வளவு பெரிய ரிஸ்க்கா?

2019 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவான டாக்ஸிகளில் வண்டி எங்கே இருக்கு என்று காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்கணும் என்பது மத்திய அரசு விதி. பின் சீட்டில் உட்கார்ந்ததும் அந்த சிவப்பு பட்டன் எங்கே இருக்கு என்று பார்த்து வைப்பது நல்ல பழக்கம். ஆனா, அதை மட்டும் நம்பி இருக்காமல் போனில் 112 இருக்கட்டும். பெண்களுக்கான உதவி எண் 181. நம்ம மாநில போலீஸ் 2022-ல் அறிமுகப்படுத்தின 'காவல் உதவி' ஆப்பையும் இறக்கி வெச்சுக்கலாம். வண்டி நம்பர், டிரைவர் பெயர், போன் நம்பர்... மூணும் டிராவல்ஸில் இருந்து உங்களுக்கு வந்த பிறகுதான் புக்கிங் முடிஞ்சதா அர்த்தம். 'கார் வந்துடும் தம்பி, கவலைப்படாதீங்க' என்பது புக்கிங் கிடையாது, ஆறுதல்!

லண்டனில் இதை சட்டமாகவே வெச்சிருக்காங்க. அங்கே தெருவில் கையைக் காட்டி நிறுத்தி ஏறலாம் என்றால் அது கறுப்பு டாக்ஸி மட்டும்தான். மற்ற தனியார் வாடகை கார்களில் ஏறணும் என்றால் லைசென்ஸ் உள்ள நிறுவனம் மூலமா முன்கூட்டியே புக் பண்ணியிருக்கணும். யார், யாரை, எங்கே ஏற்றினார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். நம்ம ஏர்போர்ட் வாசலில் 'டாக்ஸி வேணுமா சார், டாக்ஸி வேணுமா மேடம்' என்று பக்கத்தில் வந்து கிசுகிசுக்கிற ஆட்களோடு போவதற்கும், சொல்லி வைத்த காரில் போவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிவுதான். கிசுகிசுப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஏதாவது ஒண்ணு ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்பதுதான் பிரச்னை.

கம்பிக்கு அந்தப் பக்கம்...

நள்ளிரவில் அங்கே நின்றேன் என்று சொன்னேன் இல்லையா? அட்டை பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன்கள் நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே குறை. ராத்திரியில் கண் விழிப்பது அவங்களுக்குப் பழகிப்போச்சு. சொல்லாமல் ப்ளான் மாறுவதுதான் கஷ்டம். கெஸ்ட்டை கூட்டிப் போக வேற ஒரு சொந்தக்காரர் கார் எடுத்துக்கொண்டு வந்திருப்பார். கெஸ்ட் கம்பிக்கு இந்தப் பக்கமா நழுவி, சிரிச்சுக்கிட்டே போயிருப்பார். டிரைவர் அட்டையோடு ரெண்டு மணி நேரம் நின்று, கடைசியில் போன் பண்ணினால், 'ஓ, உங்களுக்குச் சொல்லலையா?' என்று ஒரு பதில். அந்த ராத்திரிக்கு அவர் வேற சவாரி எடுத்திருக்க மாட்டார். சொந்த வண்டி என்றால் பார்க்கிங் காசும் அவர் கையில் இருந்து போகும்.

ஃப்ளைட் கேன்சல், ப்ளான் மாற்றம், கனெக்‌ஷன் மிஸ்... எதுவாக இருந்தாலும் முதல் மெசேஜ் டிரைவருக்கு, ரெண்டாவதுதான் அப்பாவுக்கு. அண்ணன் கிளம்பி பாதி தூரம் வந்துவிட்டார் என்றால் பாதிக் காசாவது கொடுத்துடுங்க. கெஸ்ட்டுக்கும் அவர் நம்பரைக் கொடுத்து, 'வெளியே வந்ததும் இவரைத் தேடுங்க, காணோம்னா அங்கேயே நில்லுங்க, எனக்கு மிஸ்டு கால் கொடுங்க' என்று சொல்லி வெச்சுடுங்க. பாதித் தொலைந்துபோகிற கேஸ்கள் எல்லாம், டிரைவர் ஒரு கேட்டிலும் கெஸ்ட் இன்னொரு கேட்டிலும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கொண்டு நடந்ததால் வருகிறதுதான்!

வானம் பார்த்த புக்கிங்

நவம்பர், டிசம்பரில் புக் பண்றவங்க இதைக் கட்டாயம் படிங்க. நம்ம ஏர்போர்ட்டின் ரெண்டாவது ரன்வே அடையாறு ஆற்றின் மேலேயே பாலம் போட்டுப் போகுது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு பொங்கி ஏர்போர்ட்டுக்குள் வந்தது. நாலைந்து நாள் மூடிட்டாங்க. அந்த நாட்களில் கொஞ்சம் விமானங்கள் எங்கே வந்து இறங்கின தெரியுமா? அரக்கோணத்தில், கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்! சுமார் எழுபது கிலோமீட்டர் தள்ளி. பயணிகளை பஸ்ஸில் ஏற்றி ஊருக்குள் கொண்டு வந்தாங்க. மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பர் 4-ம் தேதி மூடி மறுநாள் காலையில்தான் திறந்தாங்க. ஃபெஞ்சல் புயலுக்காக 2024 நவம்பர் 30 மத்தியானம் மூடினது, மறுநாள் விடியற்காலை வரை. போகிப் பண்டிகையைக்கூட விட்டு வைக்கலை. 2018 போகி அன்று விடியற்காலையில் ஊரே பழைய பாயைக் கொளுத்தின புகையில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல், விமானங்களை வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க.

இந்த மாதிரி நாட்களில் விமானம் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய் இறங்கி, நாலு மணி நேரம் கழித்துத் திரும்ப இங்கே வரும். அதுவரை உங்க கார் என்ன செய்யும்? 'திருப்பி விட்டுட்டா என்ன கணக்கு?' என்று மழை மாசத்தில் புக் பண்ணும்போதே கேட்டு வைங்க. நல்ல டிராவல்ஸ்காரர் சட்டுனு பதில் சொல்வார், ஏற்கெனவே பட்டிருப்பார். 'அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம் தம்பி' என்று வந்தால் அடுத்த டிராவல்ஸுக்குப் போன் போடுங்க.

ரோட்டையும் ஒருமுறை யோசிங்க. தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் போகிற கார் கத்திப்பாரா, கிண்டி தாண்டி சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் அடையாற்றைக் கடந்தாகணும். அடையாறுக்கு ஆற்றைக் கடக்கிற வேலை இல்லை. சின்னமலைப் பக்கம் வலது கை திரும்பி, ராஜ் பவன், ஐ.ஐ.டி. வாசல் வழியா மத்திய கைலாஷ் போயிடும். பெருமழை ராத்திரி என்றால், ரூமே இன்னும் போடாதவங்க ஆற்றுக்குத் தென்பக்கமா ஒரு ஹோட்டலைப் பார்க்கிறது புத்திசாலித்தனம். கச்சேரியை மறுநாள் கேட்டுக்கலாம், சபா எங்கேயும் ஓடிப்போகாது.

எல்லாம் சரியா நடந்தால் ராத்திரி ரெண்டு மணி வாக்கில் உங்க போனுக்கு 'ரீச்டு' என்று ஒரு மெசேஜ் வரும். அத்தையிடம் இருந்து ஒண்ணு, டிரைவர் அண்ணனிடம் இருந்து ஒண்ணு. ரெண்டும் வந்த பிறகு தூங்குங்க. அதற்கு முன்னாடி, டிக்கியையும் பின் சீட்டுக்குக் கீழேயும் டார்ச் அடிச்சு ஒரு தடவை பார்க்கச் சொல்லிடுங்க அண்ணனை. உங்களுக்குன்னு வாங்கிட்டு வந்த சாக்லேட் பை அங்கேதான் இருக்கும்!